திரும்பாத பொருள்

காவலர் வண்டிக்கு அடியில் கண்ணாடியை நீட்டி, பின்சக்கரம் வரை தள்ளி, இழுத்து, மறுபடியும் தள்ளினார். நீளக் கம்பின் நுனியில் பொருத்திய வட்டக் கண்ணாடி அது. மூத்தவள் வாரத்துக்கு இரண்டு தடவை அணுமின் நிலையத்தின் கேன்டீனுக்குத் தண்ணீர் கேன் கொண்டு வருகிறவள். அப்போதெல்லாம் பேருக்கு ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு வண்டியில் கேன்கள் இல்லை. கேன் அடுக்கும் இடத்தில் அம்மா படுத்திருந்தாள்.

"பெட்டியைத் திறக்கணும்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"திறங்க," என்றாள் மூத்தவள்.

பக்கத்து வீட்டுத் தச்சர் காலையில் செய்து முடித்த பெட்டி. அவரே மூடியை நகர்த்தினார். காவலர் உலோகம் தேடும் கருவியை அம்மாவின் தலையிலிருந்து மெல்லக் கீழே கொண்டுபோனார். வலது இடுப்புக்கு வந்ததும் அது கத்தியது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன அது?"

"தகடு சார்," என்றார் காவலர். அவருக்குப் பெரிய மீசை. அந்த வாசலில் எல்லோருக்கும் அவர் பெயரே மீசைதான். "குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்தப்ப வெச்சது. மூணு வருஷமா எப்ப வந்தாலும் அந்த இடத்துல கத்தும். பழைய இரும்புக்கு என்ன விலை போடறேன்னு என்னையே கேப்பாங்க."

கேன் தூக்கும் இரண்டு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலையத்தின் வேலியை வெளியே தள்ளிப் போட்டபோது ஊரின் இடுகாடு உள்ளே போய்விட்டது. அவரவர் வீட்டு எலும்புகளை எண் போட்ட பைகளில் வாங்கிக்கொண்டு ஊர் புது இடுகாட்டுக்குப் போனது. அம்மா போகவில்லை. நாலு வயதில் காய்ச்சலில் போன சின்னவள் அங்கே இருந்தாள். மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் அம்மா குடையை விரித்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்தாள். கடைசியில் அந்தத் துண்டு நிலத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வருஷத்துக்கு நாலு தடவை வந்துபோக அனுமதியும் கொடுத்தார்கள். பதிவேட்டில் வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் 'கல்லறைப் பராமரிப்பு' என்று எழுதச் சொல்வார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் 'மகளைப் பார்க்க' என்றுதான் எழுதினாள்.

"பக்கத்துல எனக்கு இடம் கிடக்கு," என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் சொன்னாள். "வேற எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டீங்கன்னா எழுந்து வந்துருவேன்."

அதே வாரத்தில்தான் உலைக் கோபுரத்துக்கு மேலே ஒரு ட்ரோன் பறந்தது. பக்கத்து நாட்டின் வேலை என்று நம் அமைச்சர் சொன்னார். உங்கள் ட்ரோன்தான் எங்கள் உலைக்கு மேலே சுற்றியது என்று அவர்கள் சொன்னார்கள். எவனோ கல்யாணத்துக்குப் படம் எடுக்க விட்டது என்று டீக்கடையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி டிவி அதையே நாள் முழுக்கக் கத்தியது. "அவன் உலை வெடிச்சாலும் நம்ம உலை வெடிச்சாலும் காத்து ஒண்ணுதான்," என்றாள் அம்மா. "அதை முதல்ல நிறுத்து. தலை வலிக்குது." அவள் பேசியதில் ஏறக்குறைய அதுதான் கடைசி.

அதிகாரி பெட்டியை மூடச் சொன்னார். "பார்வையாளர் அனுமதி எல்லாம் ரத்தும்மா. நிலைமை அப்படி. டவுன் இடுகாட்டுக்குக் கொண்டுபோங்க."

"அம்மாவோட சீட்டுல ஆயுசு முழுக்கன்னு போட்டிருக்கு சார்."

"ஆயுசு முடிஞ்சிருச்சே."

சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும். குரலை இறக்கினார். "புரிஞ்சுக்கங்க. பக்கத்து நாட்டுக்காரன் மேலேர்ந்து படம் எடுத்துக்கிட்டே இருக்கான். அந்த இடத்துல புதுசா மண்ணு தோண்டினா தெரியும். என்னத்தைப் புதைச்சீங்கன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

"எங்கம்மாவைன்னு சொல்லுங்க."

மூத்தவள் வண்டியில் ஏறினாள். தடுப்புக் கட்டைக்கு நேர் எதிரே, பாதையை அடைத்தாற்போல் வண்டியைக் குறுக்காகத் திருப்பி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தம்பி ஜன்னலருகே ஓடிவந்தான். நிலையத்தில் ஒப்பந்தத்தில் பெயின்ட் அடிக்கிறவன். "அக்கா, விட்டுரு. நாளைக்கு எனக்கு கேட் பாஸ் தர மாட்டாங்க."

"தெரியும். எனக்கும் கேன் ஆர்டர் போயிரும்."

"பின்ன?"

எதிரே வெள்ளைக் கோபுரம் எதுவுமே நடக்காததுபோல் நின்றது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் பஸ்கள் வந்தன. வண்டிக்குப் பின்னால் நாலு, தடுப்புக்கு உள்ளே மூன்று. முதல் பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்தார். பெட்டியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அதிகாரி வயர்லெஸ்ஸைத் தூக்கினார், பார்த்தார், இறக்கினார். மேலே கேட்டால் முடியாது என்பார்கள். கேட்ட பிறகு விட முடியாது. அவர் தம்பியைக் கைகாட்டி அழைத்தார்.

"நீ இங்க வேலை பாக்கிறவன்தானே? அக்காகிட்ட எடுத்துச் சொல்லு."

தம்பி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியின் பின்புறம் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அதிகாரி காவல் அறைக்குள் போய் ஒரு மஞ்சள் சீட்டோடு வந்தார். "இதை நிரப்புங்க. உள்ளே விட்டுடறேன்."

மூத்தவளுக்கு அந்தச் சீட்டு தெரியும். கேன் கொண்டுவரும்போது நிரப்புவது வெள்ளைச் சீட்டு. காலிக் கேன்கள் வெளியே வரும்போது சரிபார்ப்பார்கள். மஞ்சள் சீட்டு, உள்ளே போனால் வெளியே வராத சரக்குக்கு. சிமென்ட், சுண்ணாம்பு, ஆணி. தலைப்பில் 'திரும்பாத பொருள்' என்று அச்சிட்டிருந்தது. கீழே வகை, எண்ணிக்கை, எடை.

"ஆள்னு எழுதினா உள்ளே போனவங்க கணக்கும் வெளியே வந்தவங்க கணக்கும் ஒத்துப்போகணும்," என்றார் அதிகாரி. "ஆறு பேர் போய் அஞ்சு பேர் வந்தீங்கன்னா ஒவ்வொரு ஷிப்ட்டுலயும் ஒருத்தர் உள்ளே நிக்கிறதா வரும். கட்டுப்பாட்டு அறையிலேர்ந்து கேப்பாங்க. இது அந்தத் தொல்லை இல்லாம முடியும்."

"அக்கா, அதான் விடறாங்களே," என்றான் தம்பி பின்னாலிருந்து.

மூத்தவள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். மடித்து ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மா சரக்கு இல்லை சார். இருபத்திரண்டு வருஷமா ஆளாத்தான் கையெழுத்துப் போட்டு வந்தாங்க. ஆளாவே எழுதுங்க."

"கணக்கு ஒத்துவராதும்மா."

"வராம போகட்டும்."

"ஒவ்வொரு ஷிப்ட்டும் விளக்கம் எழுதணும்."

"எழுதுங்க. எத்தனை வருஷம் இந்த உலை இருக்கோ அத்தனை வருஷமும் எழுதுங்க."

அவள் குரல் உயரவில்லை. பின்னால் பஸ்ஸிலிருந்து யாரோ இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அப்படியே நின்றார்கள். இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். யாரும் வண்டியை நகர்த்தச் சொல்லவில்லை.

மீசை காவல் அறையிலிருந்து பதிவேட்டை எடுத்துவந்து வண்டியின் முகப்பில் விரித்தார்.

"சார், 'உள்ளே வரும் ஆட்கள்'னுதான் போட்டிருக்கு. உயிரோட வரணும்னு எங்கயும் எழுதலை."

அதிகாரி அவரைப் பார்த்தார். பஸ்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு காவல் அறைக்குள் போய், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

அம்மாவின் பெயரை மூத்தவளே எழுதினாள். நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'மகளோடு இருக்க' என்று எழுதினாள். அதற்குக் கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தடுப்புக் கட்டை உயர்ந்தது.

மண் இறுகிக் கிடந்தது. தச்சரும் தம்பியும் கேன் ஆட்களும் மாறி மாறித் தோண்டினார்கள். தம்பிக்குக் கை கொப்பளித்தது. மண்வெட்டியைக் கொடு என்றாலும் கொடுக்கவில்லை. துப்பாக்கியோடு கூட வந்த காவலர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். உலையின் இரைச்சல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கியபோது வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. "இடுப்பு, பார்த்து," என்றாள் மூத்தவள்.

ஐந்து பேரும் வெளியே வந்து, வெளியேறிய நேரத்தை எழுதியபோது மூன்றே முக்கால்.

"போலாம்க்கா," என்றான் தம்பி.

"இரு."

"இன்னும் என்ன?"

"ஷிப்ட் மாறட்டும்."

காவலர்களுக்கு மாற்றம் நாலு மணிக்கு. அவள் காவல் அறை ஜன்னலுக்கு வெளியே, மண் படிந்த கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே அதிகாரி ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, போகவும் சொல்லவில்லை.

அடுத்த காவலர் வந்தார். கண்ணாடி போட்டவர். மீசை பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார். அவர் விரலை வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஆறு போயிருக்கு. அஞ்சுதான் வந்திருக்கு. ஒருத்தர் எங்கண்ணே?"

"உள்ளேதான்."

"எப்ப வருவாங்க?"

மீசை மீசையைத் தடவிக்கொண்டார். கண்ணாடிக்காரர் பெயரைப் படித்தார், பிறகு நோக்கத்தை. ஜன்னலுக்கு வெளியே நிற்பவளைப் பார்த்தார். அதிகாரி பக்கம் திரும்பினார். அதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. கட்டுப்பாட்டு அறை.

"ஆமா சார், ஒருத்தர் உள்ளே இருக்காங்க," என்றார் கண்ணாடிக்காரர். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல சார், தப்பா எண்ணலை. இருக்காங்க."

வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் வரிசையில், வெளியேறிய நேரம் என்ற கட்டத்துக்குப் பேனா போனது. ஒரு கோடு இழுக்கத்தான் போனது. நுனி தாளைத் தொடாமல் நின்று, திரும்பி வந்தது.

ஜன்னல் வழியே காற்று வந்து பக்கத்தைத் தூக்கியது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.