முதல் ரோல்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸின் சோட் ஈட்ஸ் சிற்றுண்டிக் கடைக்குக் காலையில் வருகிறவர்கள் எல்லாருக்கும் ருக்கியாவின் கைகளைத் தெரியும். ஆளைத் தெரியாது. பின்னால் சமைக்கிற குசினிக்கும் கடைக்கும் நடுச்சுவரில் ஒரு தட்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக மீன் ரோல்ஸும் பற்றிஸும் வந்து கண்ணாடி அலுமாரியில் ஏறும், வெறுந்தட்டு திரும்பிப் போகும். எல்லாம் வீட்டுச் சாமான் என்று கொன்ஸ்ரன்ஸ் பெருமையாகச் சொல்லுவாள். யார் வீட்டுச் சாமான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்று ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று தட்டை வாங்கியவை அர்பாவின் கைகள். ருக்கியாவின் மூத்த மகள். ஒரு நாள் நின்று பார்க்கட்டும், சரிவந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று கொன்ஸ்ரன்ஸ் சொல்லியிருந்தாள். ருக்கியா எண்ணெய்த் தாச்சியை விட்டுவிட்டு நிமிடத்துக்கொரு தரம் குனிந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை நன்றாகத்தான் நின்றாள். சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்தில், தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில். மீதிக் காசை எண்ணிக் கையில் வைக்கும்போது ஒரு சின்னச் சிரிப்பு. இதைவிட என்ன வேண்டும் இந்த உலகத்துக்கு என்று தாய்க்குக் கோபம்கூட வந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும். ஏ.எல். பாஸ் பண்ணி, கொம்பியூட்டர் படித்து, பிள்ளை ஏறாத படி இல்லை. வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் பெயரைக் கேட்டார்கள், கேட்டபின் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பாமன்கடையில் ஒரு மருந்துக்கடைக்காரர் நல்ல தன்மையான மனிதர், உட்காரவைத்து, கஸ்டமர்மார் சங்கடப்படுவார்கள் மகள் என்று தலைத்துணியைப் பார்த்துச் சொன்னார். சரி, நம்முடைய ஆட்களிடமே போவோம் என்று புறக்கோட்டைக்குப் போனால் அங்கே பெண் பிள்ளைகளே வேண்டாமாம். வாப்பா பௌஸி துறைமுகத்தில் முதுகில் அடிபட்டு முகத்துவாரத்து வீட்டில் படுக்கையோடு கிடக்கிறார். அடுத்தவள் ஷிம்னாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. ருக்கியாவின் சம்பளம் மாதத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கும். கடைசியில்தான் வெட்கத்தை விட்டுக் கொன்ஸ்ரன்ஸிடம் வாய் திறந்தாள்.

கொன்ஸ்ரன்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தலைத்துணியைக் கழட்டச் சொல்லமாட்டன் ருக்கியா. எனக்கு அந்தக் குணம் இல்லை" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ருக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

அவளுடைய நன்றிக்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பெல்லாம் முன்னுக்கு நின்று வியாபாரம் செய்தவளே ருக்கியாதான். மீதிக் காசுக்காகச் சண்டை பிடித்த ஆட்களும் உண்டு, கடன் சொல்லிவிட்டுப் போன ஆட்களும் உண்டு. அந்தப் பழைய ஆட்கள் இப்போது வருவதில்லை. பிறகு, முஸ்லிம் பெடியன்கள் சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்கவைத்த அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. கோயிலுக்குப் போயிருந்த கொன்ஸ்ரன்ஸின் தங்கை ஒரு கண்ணை விட்டுவிட்டு வந்தாள். ருக்கியா கஞ்சி காய்ச்சிக்கொண்டு வார்டுக்குப் போய், வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினாள். முஸ்லிம் ஆட்களின் சாப்பாட்டில் பிள்ளை பிறக்காமல் இருக்க மாத்திரை போடுகிறார்களாம் என்ற பொய்யும் அந்த நாட்களில் வாய்க்கு வாய் ஓடியது. ஒரு பின்னேரம் கொன்ஸ்ரன்ஸ், கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கு நில்லுங்கோ, உங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது என்றாள். கொரோனா வந்து போனது, பெற்றோல் கியூ வந்து போனது, அந்தக் கொஞ்ச நாள் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு அனுப்பாமல் குசினிக்குத்தானே அனுப்பினாள் என்று நினைத்து ருக்கியா மனதைத் தேற்றப் பழகியிருந்தாள்.

வெயில் ஏறத் தொடங்கும் நேரம் உலகப்பன் வந்தார். கோடுகள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு லோயரிடம் கிளார்க். தினமும் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் வாங்கிப்போய் அங்குள்ள லோயர் கந்தோர்களுக்கெல்லாம் கொடுப்பார். கடையின் பெரிய வியாபாரம் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. சண்டைக் காலத்தில் சந்திக்குச் சந்தி தமிழன் என்று மறிபட்டு அடையாள அட்டையை நீட்டி நின்ற கதையை இதே கடையில் நின்று எத்தனையோ தரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். அவர் அர்பாவின் தலைத்துணியைப் பார்த்தார், ரோல்ஸைப் பார்த்தார், காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்த கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். புதுப்பிள்ளையா என்று கேட்டார். தெரிந்த பிள்ளை என்றாள் கொன்ஸ்ரன்ஸ். யாருடைய பிள்ளை என்று சொல்லவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணு தங்கச்சி" என்று உலகப்பன் சிரித்தார். "நீ ஒண்ணு சாப்பிட்டுக் காட்டு. நான் பெட்டிய எடுத்துக்கிறேன். தப்பா நினைக்காதம்மா, சும்மாதான்."

பின்னால் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கொன்ஸ்ரன்ஸும் சிரித்து, சாப்பிடு பிள்ளை, அதுக்குக் காசு வேண்டாம் என்றாள்.

அவளுக்குத் தெரியாது. ருக்கியாவுக்கு மட்டும் தெரியும். போன ரமழானில் விடுபட்ட நோன்புகளை அர்பா இப்போது ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழாச் செய்துகொண்டிருக்கிறாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்டவளே தாய்தான். முதல் நாள் வேலைக்குப் போகிறாள், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கடையில் நிற்கிறவள் தின்று காட்ட வேண்டிவரும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்.

"நான் நோன்பு" என்றாள் அர்பா.

"நோன்பு மாசம் இன்னும் வரலியேம்மா" என்றார் உலகப்பன். இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை.

கியூவில் நின்ற ஒரு பெண் திறந்து வைத்திருந்த பையை மெல்ல மூடினாள். அர்பா கழா நோன்பு என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கினாள், ஒருவரும் காது கொடுக்கவில்லை. பிறகு திரும்பி ஓட்டையைப் பார்த்தாள்.

ருக்கியாவின் கால்கள் கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டன. அவளுக்கு அன்று நோன்பில்லை. வெளியே போய் அந்த ரோலை எடுத்து, எல்லார் முன்னாலும் கடித்துத் தின்ன ஒரு நிமிடம் போதும். இத்தனை வருடம் நீங்கள் தின்றது இந்தக் கையால்தான், உங்களுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். நாளைக்கு உலகப்பன் வேறு கடை பார்ப்பார். நாளை மறுநாள் கொன்ஸ்ரன்ஸ் கண்கலங்கி இரண்டு சம்பளத்தையும் நிறுத்துவாள். கால்கள் நின்றுவிட்டன. அந்த நேரத்தில் ருக்கியா தன்னை வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே குனிந்து ஓட்டையில் வாயை வைத்தாள்.

"தின்னு மகள்."

அர்பா தின்றாள். அவசரப்படாமல், முழு ரோலையும். உலகப்பன் இரண்டு பெட்டி வாங்கினார். பைக்காரியும் வாங்கினாள்.

மத்தியானம் கொன்ஸ்ரன்ஸ் குசினிக்கு வந்தாள், முகமெல்லாம் சந்தோசம். பிள்ளைக்கு வேலை நிச்சயம், நாளையிலிருந்து வரட்டும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒவ்வொரு நாளும் காலமை முதல் ரோலை அவ ஆக்களுக்கு முன்னால சாப்பிடட்டும். சனத்துக்கு ஒரு நம்பிக்கை. கோவிக்காதேங்கோ ருக்கியா."

நோன்பு மாதத்துக்கு என்ன செய்வது என்று ருக்கியா கேட்டாள். அது வரும்போது பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அவள் தோளைத் தட்டினாள். அன்பான தட்டுத்தான்.

முறிந்த நோன்புதான், ஆனாலும் அர்பா அன்று முழுக்கத் தண்ணீர்கூடத் தொடவில்லை. பின்னேரம் இரண்டு பேரும் முகத்துவாரம் பக்கம் நடந்தார்கள். பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது ருக்கியா பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். அர்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தாயின் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

"நீங்க வெளிய வருவீங்கண்டு பாத்துட்டு நிண்டன் உம்மா."

வீடு வரும்வரை பழம் ருக்கியாவின் கைக்குள்ளேயே இருந்து பிசுபிசுத்தது.

மறுநாள் காலை குசினியில் ருக்கியா ரோல்ஸ் சுற்றினாள். கடைசியாக ஒன்றைச் சின்னதாகச் சுற்றினாள், ஒரு விரல் அளவுக்கு. கறியில் மிளகாயைத் தள்ளிவிட்டுக் கிழங்கை மட்டும் எடுத்து வைத்தாள். ரஸ்க் தூளில் புரட்டி, எண்ணெயில் சிவக்கவிட்டு, தட்டின் ஓரத்தில் தனியாக வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். ஒரு கை வந்து தட்டை வாங்கியது. குனிந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யாரோ பஸ்ஸைப் பற்றி, யாரோ மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லாப் பேச்சும் நின்றது. அந்த அமைதியில், ஓட்டை வழியாக, ரோலின் மொறுமொறுப்பு உடைகிற சத்தம் கேட்டது.