தோலுறைக்குச் சொல்லாத சேதி

மஃப்டி போலீஸ்காரர் இறந்து, அடக்கமும் முடிந்த பிறகு, படுக்கையறை ஆணியில் தொங்கிய அவருடைய துப்பாக்கி உறையில் அவர் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. வீடு திரும்பிய மனைவிதான் முதலில் கேட்டாள். கையை வைத்துப் பார்த்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது.

இடது அக்குளுக்குக் கீழே, கோட்டுக்குள் மறைந்து தொங்கும் உறை அது. பழைய சாமான் கடையில் வாங்கும்போதே அதற்கு அவரைவிட வயது அதிகம். முதுகுக்குக் குறுக்கே போகும் வாரின் பக்கிளைத் தானே மாட்டிக்கொள்ள எந்த மனிதனுக்கும் கை எட்டாது. அவள்தான் தினமும் காலையில் பின்னால் நின்று, இறுக்கி மாட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். உள்ளே இருந்த குட்டித் துப்பாக்கி அவர் சர்வீஸில் சுட்டு வீழ்த்தியது ஒரு தண்ணீர்த் தொட்டியைத்தான், அதுவும் கைதவறி. கடைசி நாள் காலை, குழந்தையின் காய்ச்சல் மருந்தை அவர் வாங்க மறந்துவிட்டதால் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்களே மாட்டிக்குங்க" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கொஞ்ச நேரம் போராடினார். பிறகு உறையை ஆணியில் மாட்டிவிட்டு, துப்பாக்கியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆபீஸ் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உறை வீட்டிலேயே இருந்ததால் அதற்கு விஷயம் தெரியாது.

தெரியாமலே இருக்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள். துக்கம் கேட்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தெரு முதலில் வாய்க்கு வந்ததைப் பேசியது; ஒவ்வொருவராக உள்ளே வந்து காதை வைத்துக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தால், "சார் ஆபீஸ்லயா?" என்று எல்லாரும் சத்தமாகவே விசாரித்தார்கள். அழுகை முட்டினால் அவள் எதிர்வீட்டு அக்காவின் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா இல்லை என்றும், வீட்டில் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றும் சொல்லி வளர்ந்தாள். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒன்று ஆறவே இல்லை. அந்தக் காலைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் உறைக்கு விஷயம் தெரிந்துவிடும்.

மகள் கல்லூரிக்குப் போன வருஷம், சாயங்காலமானால் துடிப்பு வேகம் பிடித்தது. அவர் வீடு திரும்பும் நேரத்தில் ஆரம்பிக்கும்; விளக்கேற்றிய பிறகும் அடங்காது. தையல் விட்டுப்போனது. வீட்டுக்கே வந்து பார்த்த தோல்பை தைக்கிறவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "தோல்ல ஒரு கோளாறும் இல்லைம்மா. இது காத்துக்கிட்டு இருக்கு. ஆள் வரலேன்னு பதறுது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் உறையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே காத்திருக்காதீங்க" என்றாள் அம்மா, உறையிடம். "நீங்க அன்னிக்கே போயிட்டீங்க. ஒரு நிமிஷம் வந்து மாட்டிவிட்டிருக்கலாம். வீம்புக்கு வராம இருந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

துடிப்பு, அவர் தூக்கத்தில் ஆழும்போது ஆகிற மாதிரி, நிதானமாகி நின்றது. மன்னித்ததாகவோ இல்லை என்றோ அது எதுவும் காட்டவில்லை. அவள் தன் வீட்டிலேயே, தெரு முழுக்கக் கேட்கும்படி, முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே தெரு வந்தது. முன்பு வாசலோடு திரும்பிப் போனவர்கள் உள்ளே வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பழைய ஆபீஸ்காரர்கள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வந்தார்கள். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தவர் மட்டும் ஒன்றும் புரியாமல், "எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டார்.

"இப்பத்தான்" என்றாள்.

அங்கிருந்த யாரும் அதைத் திருத்தவில்லை. மகள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட எழுந்து போனாள்.