கனகலிங்கம் சொன்ன ஓம்

தவநாயகி சவப்பெட்டிக்குள் குனிந்து, கணவரின் தலைப்பாகையை இன்னும் ஒரு விரற்கடை கீழே இழுத்துவிட்டாள். சட்டன் நகர ஈமச்சடங்கு மண்டபத்துக்காரர்கள் பூசிய மாவுக்கு அடங்காமல் இடது புருவத்துக்கு மேலே கருநீலம் தெரிந்தது. செங்கல்லால் அடித்தவன் ஒருவன், விழுந்தபின் பூட்ஸ் காலால் மிதித்தவர்கள் மூவர் என்று பொலிஸ் சொல்லியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதனுக்கு நாலு பேர்! நாசமாய்ப் போவார்கள்.

மைக்கில் அவளுடைய தம்பி ரதீசன் முழங்கிக்கொண்டிருந்தான்.

"அத்தானை முஸ்லிம் எண்டு பிழையா நினைச்சு அடிச்சுப்போட்டாங்கள். அவர் அசல் சைவர். போனில அக்காவுக்குக் கடைசியாச் சொன்ன சொல்லு என்ன தெரியுமோ? ஓம்! பிரணவத்தோடதான் உயிர் போனது."

சனம் "சிவ சிவா" என்றது. செத்தவருக்குப் பட்டம் கட்ட நம்முடைய ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கனகலிங்கம் கோயிலுக்குப் போனதே அன்னதானத்துக்குத்தான்.

தவநாயகி 'பிழையா' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். அப்படியென்றால் சரியாக அடிப்பதற்கு வேறு ஆள் இருந்ததா? அந்த ஓமின் முழுக்கதையை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். குரோய்டனில் அவர் வேலை செய்த பலசரக்குக் கடைக்கு இரண்டு கதவு தள்ளிப் பள்ளிவாசல். படகில் வந்த அகதி ஒருவன் பிள்ளையைக் கடத்திவிட்டான் என்று யாரோ போனில் பரப்பிய பொய்யை நம்பி, கொடியும் தடியுமாய் முந்நூறு பேர் தெருவில் இறங்கினார்கள். அவள் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டாள். அவர் குரலுக்குப் பின்னால் கண்ணாடிகள் நொறுங்கின. நாட்டை விட்டுப் போங்கள் என்று கூட்டம் ஒரே தாளத்தில் கத்தியது. கார் ஒன்று எரிகிறது என்றார்.

"கடைச் சட்டரை இழுத்துப் பூட்டிப்போட்டன். பயப்பிடாதையும்." பிறகு குரல் தாழ்ந்தது. "இஞ்சாரும், முஸ்லிம் பொம்பிளை ஒண்டு வந்து தட்டுது. கையில குழந்தை. பின்னால துரத்தி வாறாங்கள்."

"உங்களுக்கேன் தேவையில்லாத வேலை? திறக்க வேண்டாம். விளங்குதோ?"

"ஓம்," என்றார்.

முப்பது வருடமாய் 'சரி' என்பதற்கு அவர் சொல்லிவந்த ஓம். சிகரெட்டை விடுங்கோ என்றால் ஓம், குடையைக் கொண்டுபோங்கோ என்றால் ஓம். சொல்லிவிட்டுத் தன் எண்ணப்படிதான் செய்வார். அடுத்த நொடியே சட்டர் கடகடவென்று மேலே போனது. "கம், கம், பின்பக்கம் ஓடுங்கோ பிள்ளை!" அதன் பிறகு தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு உதைகள். ஒவ்வொரு உதைக்கும் அவர் வாயிலிருந்து காற்று வெளியேறியது. "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று அவள் போனுக்குள் கத்தினாள். அங்கே யாரோ சிரித்தான்.

மண்டபத்தின் பின்பக்கம் சலசலத்தது. வாசலில் கறுப்பு முக்காட்டோடு ஓர் இளம்பெண் நின்றாள். வலது கை கட்டுக்குள் இருந்தது. ரதீசன் மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, கடைக்குள்ள நிண்டவள் இவள்தான். இவளைத் துரத்தி வந்துதானே அத்தானைக் கொன்றவங்கள்! வெளியில அனுப்புறன்."

தவநாயகி அவளைப் பார்த்தாள். பொலிஸ் உடலைத் தரும்வரை நாலு வாரமாய் இரவும் பகலும் சபித்துக்கொண்டிருந்த முகம் இதுதானா? திறக்காமல் இருந்திருந்தால் அவர் இப்போது வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். திறக்காமல் இருந்திருந்தால் தெருவில் கிடந்திருப்பது இவளும் குழந்தையும். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"டேய், நில்லு!" கத்தினாள். "அது சாமி ஓம் இல்லையடா. கதவைத் திறக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனான். அதுக்குச் சொன்ன ஓம். எனக்குப் பொய் சொல்லிப்போட்டுத்தான் அந்த மனிசன் திறந்தது!"

ஐயர் அரிசித் தட்டை முன்னால் நகர்த்தி, "வாய்க்கரிசி போடுற உரித்துக்காரர் வாங்கோ" என்றார்.

தவநாயகி தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், அந்தப் பெண்ணின் இடது கையை விரித்து அதில் வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு என்னவென்று விளங்கவில்லை. சாப்பிடத் தந்ததாக்கும் என்று நினைத்து, மறுக்கத் தயங்கி, கையைத் தன் வாயருகே கொண்டுபோனாள்.

தவநாயகி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உமக்கில்லை பிள்ளை. அவருக்கு."

பிடித்த பிடி விடாமல் பெட்டியை நோக்கி நடத்திவந்தாள். அந்தப் பெண்ணின் விரலிடுக்கால் அரிசி சிந்தியது. தவநாயகி மற்றக் கையை அதன் கீழே ஏந்திக்கொண்டாள்.