ஒரு மணி நேரம் முன்னதாக

நீலத் திரைச்சீலையை இன்று மாட்ட வேண்டாம் என்று ஜனைன் முடிவு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சற்று முன்னால் அதை அலமாரியிலிருந்து எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் இரண்டு ஆணிகளில் மாட்டுவது ஆறு மாதப் பழக்கம். விற்றுவிட்ட வீட்டின் முன்னறையில் தொங்கியது அது. இங்கிலாந்தில், கிரிம்ஸ்பியில் இருக்கும் அப்பா வாராவாரம் வீடியோ அழைப்பில் அதைப் பார்த்துப் பழகியவர். அது பின்னால் தொங்கினால் வீடு அதே வீடு. நான்கு படுக்கையறை, இரண்டு கார், நடந்துபோகும் தூரத்தில் ஏரி. அது இல்லாவிட்டால் பாதி மண்ணுக்குள் இருக்கும் வாடகைக் கீழ்த்தளத்தின் வெற்றுச் சுவர் தெரியும். சுவரின் உச்சியில் முழநீள ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, மார்ச் மாதத்து அழுக்குப் பனி.

"சீலையை மாட்டலையா?" என்றாள் மகள் ஃபெர்ன். பதினேழு வயது. பிறந்தது கிரிம்ஸ்பியில், வளர்ந்தது இங்கே கனடாவில், ரெட் டியரில்.

"இன்னைக்கு வேணாம்."

"சொல்லப் போறியா?"

"ம்."

"எல்லாத்தையுமா?"

"உங்கப்பா போனது. வீட்டை வித்தது. ஜூன்ல உன் படிப்பு முடிஞ்சதும் நான் திரும்பிப் போறது."

ஃபெர்ன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "நான் வரலைங்கறதையும் சேர்த்துச் சொல்லிடு. இல்லன்னா தாத்தா எனக்குன்னு ஒரு அறையை ஒழிக்க ஆரம்பிச்சிடுவார். சுவத்துல பூப்போட்ட காகிதம் எல்லாம் ஒட்டி வெச்சிருவார்."

"வந்து பாத்துட்டுச் சொல்லு."

"அது உன் ஊரும்மா. எனக்கு இதுதான் ஊர்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஜனைன் பதில் சொல்லியிருப்பாள்.

பத்து வருடத்துக்கு முன்னால் பெட்டி கட்டியது இந்தப் பெண்ணுக்காகத்தான். கணவன் டேரன் அப்போது கிரிம்ஸ்பியில் மீன் பதனிடும் ஆலையில் குளிர்சாதன மெக்கானிக். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான், மழையில் நனைந்து, மீன்வாடையோடு. சின்ன வீடு, ஈரம் இறங்கிய சுவர், பின்பக்கம் சைக்கிள் நிறுத்தவே இடம் போதாத முற்றம். கனடாவுக்குப் போனவர்களின் படங்களை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். படத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏதாவது ஒரு தண்ணீரின் ஓரத்தில் நின்றார்கள். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாதான், "போங்க, இங்க என்ன இருக்கு, கடற்பறவை எச்சம்தான் இருக்கு" என்றார். விமான நிலையத்தில் அழாதவரும் அவர் ஒருவர்தான். வண்டி நிறுத்தக் கட்டிய பணத்துக்கு நேரம் முடிகிறது என்று சொல்லி முதலில் கிளம்பிவிட்டார்.

முதல் நான்கு வருடம் நன்றாகத்தான் இருந்தது. அதை ஜனைன் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை. ஏரி இருந்தது, ஃபெர்ன் அதன் ஓரத்தில் நின்றாள், படம் எடுத்தார்கள். பிறகு அந்த வீட்டைக் கட்டிக்காக்க டேரன் வடக்கே எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனான். இரண்டு வாரம் அங்கே முகாமில், ஒரு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் வாரத்தில் தூங்கினான். ஐந்தரைக்கு வந்த மனிதனை அவள் பெரிய சமையலறையில் நின்று நினைத்துக்கொள்வாள். போன ஜூலையில், வாசலில் வண்டியை அணைக்காமலே உட்கார்ந்துகொண்டு, தான் வடக்கிலேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னான். அங்கே ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அவன் வந்து வந்து போகிறவனாகத்தான் இருந்திருப்பான், எதிர்ப்பக்கத்திலிருந்து.

கிரிம்ஸ்பியில் ஜனைன் பதினான்கு வருடம் நர்ஸ். இங்கே அதற்கு மறுபடி தேர்வு எழுத வேண்டும். எழுதுவதாக இருந்தாள், ஒவ்வொரு வருடமும். இப்போது முதியோர் இல்லத்தில் உதவியாளர். காலை ஏழிலிருந்து மூன்று வரை யார் யாருடைய அப்பாக்களுக்கோ சவரம் செய்து, சட்டை மாற்றி, கஞ்சி ஊட்டுகிறாள்.

பதினொன்று அடித்ததும் மடிக்கணினியில் அப்பாவை அழைத்தாள். அங்கே மாலை ஆறு. எப்போதும் ஆறு. அவர் அதற்கு முன் பேச வரமாட்டார், ஐந்தே முக்காலுக்குக் கால்பந்துச் செய்தி.

மணி ஒருமுறை ஒலித்ததும் இணைப்புக் கிடைத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டு பாலீன் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தாள்: ஜனைன் அழைத்தால் அப்பாவின் டேப்லெட் தானாகவே எடுத்துக்கொள்ளும். அவருக்குக் கை நடுங்குகிறது, பட்டனைத் தேடி எரிச்சலாகிறார் என்று காரணம் சொன்னாள். வழக்கமாக, எடுத்தவுடன் அப்பாவின் முகம் தெரியும். மழித்த தாடை, இஸ்திரி போட்ட சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. இன்று கூரை தெரிந்தது. டேப்லெட்டை எங்கோ மல்லாக்க வைத்திருந்தார்கள். மஞ்சள் விளக்குக் கூண்டும், அதன் பக்கத்தில் ஈரக்கறையும். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம்.

அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் பாலீனின் குரல் கேட்டது.

"தலையைத் தூக்குங்க மகாராசா. கழுத்து மடிப்புல குழம்பு. கழுத்தாலயா சாப்பிட்டீங்க?"

"சட்டை இறுக்குது."

"இறுக்கட்டும். போன வாரம் லூசா இருக்குன்னீங்க."

"யாரு வர்றா?"

"யாரும் வரல. உங்க மக பேசுவா, ஆறு மணிக்கு. இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு. எங்க, சொல்லுங்க பாப்போம், மக பேரு என்ன?"

தண்ணீர் நின்றது. கூரையில் எதுவும் அசையவில்லை.

"உனக்குத் தெரியாததா?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

"அவ அம்மா மாதிரியே இருப்பா."

"பேரு?"

ஜனைன் தன் பக்கத்து ஒலியை அணைத்தாள். விரல் தானாகச் செய்தது. ஃபெர்ன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"ஜனைன்," என்றாள் பாலீன். "அட்டையில பெருசா எழுதியிருக்கேன் பாருங்க. மாப்பிள்ளை டேரன். பேத்தி ஃபெர்ன். போன வாரம் ஃபெர்னை நாய்னு நெனச்சுட்டீங்க. சாப்பாடு வெச்சியா, வெளிய கூட்டிட்டுப் போனியான்னு கேட்டீங்க. நல்லவேளை, சிரிச்சுட்டாங்க."

சிரித்தார்கள்தான். தாத்தாவின் கிண்டல் என்று ஃபெர்ன் இரண்டு நாள் குரைத்துக்கொண்டு திரிந்தாள்.

"வில்ஃப், இன்னைக்கு அவகிட்ட சொல்லிடலாமா? வாரா வாரம் பொய் சொல்ல எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"கூடாது." அந்தக் குரல் பஸ் ஓட்டியவருடையது. படியில் தொங்குகிறவனை இறக்கிவிடும் குரல். "அவ கனடாவுல இருக்கா. பெரிய வீடு. பக்கத்துலயே ஏரி. இங்க வந்து என் மூத்திரத்தைத் துடைக்கவா அவ்வளவு தூரம் போனா? சொன்னா மறுநாளே பெட்டியைக் கட்டிருவா."

"பேரு மறந்துபோச்சு. இது மட்டும் மறக்க மாட்டேங்குது உங்களுக்கு."

"எது?"

"ஒண்ணுமில்ல. தாடையைக் காட்டுங்க."

ஜனைன் இணைப்பைத் துண்டித்தாள். பிறகு ஃபெர்ன் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு, "அம்மா, நேத்து ராத்திரி இங்க மணியை மாத்திட்டாங்க" என்றாள். "அங்க இன்னும் மாத்தல. மாசக் கடைசியிலதான். இப்ப அங்க அஞ்சு."

ஒவ்வொரு மார்ச்சிலும் வருவதுதான். கனடா முதலில் ஒரு மணி நேரம் முன்னே தாவும், இங்கிலாந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வந்து சேரும். அதுவரை ஏழு மணி இடைவெளி ஆறாக இருக்கும். பழைய வீட்டில் அடுப்பின் கடிகாரத்தை அவளே திருகி வைப்பாள், திருகும்போது நினைவு வந்துவிடும். இங்கே திருகுவதற்கு ஒன்றுமில்லை. கைபேசி தூக்கத்திலேயே மாற்றிக்கொள்கிறது.

"தாத்தாவுக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்றாள் ஃபெர்ன்.

தெரியாது என்று சொல்வது எளிது. ஆனால் வேலையிடத்தில் ஜனைன் மறதி தொடங்கிய ஒரு கிழவரை முதல் நாளே கண்டுகொள்வாள். ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் 'கண்ணு' என்று போட்டு நிரப்புவார்கள். பதில் சொல்லும் முன் பக்கத்தில் யாரையாவது பார்ப்பார்கள். அப்பா ஒரு வருடத்துக்கும் மேலாக அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார். அதற்கு முன்பும் கூப்பிட்டதுண்டு, எப்போதாவது. பாசம் கூடிவிட்டது என்று நினைத்திருந்தாள். வாரத்தில் இருபது நிமிடம் அவரைப் பார்க்கிறாள், அந்த இருபது நிமிடமும் தன் பின்னால் சீலை நழுவாமல் இருக்கிறதா என்பதில்தான் அவள் கண் இருந்தது.

"நீ இப்பவே போகணுமா?" என்றாள் ஃபெர்ன்.

"போனா, ஏன் வந்தேன்னு கேப்பார்."

"சொல்லு."

"எதை? அவர் கையில இருக்கிறது அந்த ஒண்ணுதான். நான் நல்லா இருக்கேங்கறது. அதையும் பிடுங்கிட்டா?"

ஃபெர்ன் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அலமாரியைத் திறந்து சீலையை எடுத்து உதறினாள். ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு ஆணியில் மாட்டினார்கள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ஜனைன் உள்ளங்கையால் அதைத் தேய்த்துத் தேய்த்து நீவினாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகம் கழுவி, ஃபெர்னின் உதட்டுச்சாயத்தை எடுத்துக் கொஞ்சம் பூசிக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அழைத்தாள். அப்பாவின் முகம் தெரிந்தது. மழித்த தாடை, இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை.

"வணக்கம் கண்ணு. அங்க பனி எப்படி?"

"கரையுதுப்பா."

"டேரன் எப்படி இருக்கான்?" அவர் கண்கள் இடமிருந்து வலமாகப் போவதை இன்றுதான் பார்த்தாள். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறங்கின.

"நல்லா இருக்கார். வேலைக்குப் போயிருக்கார்."

"ஃபெர்ன் நல்லா படிக்கிறாளா? பேத்தி."

பக்கத்தில் நின்ற ஃபெர்ன் குனிந்து முகம் காட்டி, "படிக்கிறேன் தாத்தா" என்றாள். அவர் தலையாட்டினார். பஸ்ஸில் ஏறுகிற யாரோ ஒருவர் சரியான சில்லறை கொடுத்தால் ஆட்டுவதுபோல. ஃபெர்ன் வேகமாக விலகிக் குளியலறைக்குப் போனாள்.

"அப்பா," என்றாள் ஜனைன். அவள் இதைச் சொல்ல நினைத்திருக்கவில்லை. "நான் அங்க வந்தா, என் பழைய அறையில இருந்துக்கலாமா?"

அதற்கு அட்டை இல்லை. அவர் கண்கள் திரையின் ஓரத்தைச் சுற்றின, மேலே, கீழே, மறுபடி மேலே. பக்கவாட்டில் பாலீனைத் தேடின. பாலீன் தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது. ஒன்றும் புரியாமல் கழுத்துப் பட்டனை விரலால் திருகினார். ஜனைனால் அதைப் பார்க்க முடியவில்லை. எத்தனையோ பேர் அப்படித் திருகுவதைத் தினமும் பார்க்கிறவள்தான்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா கேட்டேன்."

"நீ அங்க நல்லா இருக்கியா?" கடைசி அட்டை. குரலில் நிம்மதி வந்திருந்தது.

"நல்லா இருக்கேம்ப்பா."

"அது போதும்."

கை அசைத்தார். அவளும் அசைத்தாள். நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்து படத்தை விட்டுப் போனார். இணைப்பைத் துண்டிக்க வேண்டியது பாலீன், அவள் அவரைப் பிடித்துக்கொள்ளப் போயிருக்க வேண்டும். வெற்று நாற்காலி தெரிந்தது. குரல்கள் கொஞ்சம் தள்ளிக் கேட்டன.

"நல்லா பேசினேனா?"

"அருமையாப் பேசினீங்க."

"யாரு அந்தப் பொண்ணு?"

"பாத்து, மெதுவா வாங்க," என்றாள் பாலீன்.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கு," என்றார் அப்பா. "வேலை முடிஞ்சிருந்தா வீட்டுக்குப் போகச் சொல்லு."

"அவ வீட்டுலதான் இருக்கா வில்ஃப்."

"இல்ல," என்றார்.

செருப்புகள் தரையில் தேய்ந்து நகர்ந்தன. எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஜனைன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நாற்காலியின் மெத்தையில் அவர் உட்கார்ந்திருந்த பள்ளம் இருந்தது. கிரிம்ஸ்பியில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மங்கலில், மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.