தோல்முட்டை

எங்கள் கருப்புக்கோழி மூன்றாம் நாளும் ஓடில்லாத முட்டை போட்டது. தொட்டால் தண்ணீர்ப்பை மாதிரி அமுங்கியது.

டைபாயிடில் கிடந்து எழுந்த என் மகள் ரோஷனுக்கு எலும்புதான் மிச்சம். தினம் ஒரு முட்டை கொடுக்காவிட்டால் பிள்ளை தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. ஹார்பரில் எனக்கு மூன்று வாரமாக வேலையும் இல்லை. காலடிப்பேட்டையில் எங்களுக்கிருந்த ஒரே நம்பிக்கை அந்தக் கோழி. யாராவது திருடிவிடுவார்களென்று பத்து நாளாக அதை அடுப்படியிலேயே கட்டிப்போட்டு, எங்கள் சோற்றில் பங்கு கொடுத்து, மகாராணி மாதிரி வைத்திருந்தேன். சனியனுக்கு நன்றி இல்லை.

"இத்தப் புள்ளைக்குக் குடுக்காதே. தோல்முட்டை போடற கோயி வூட்ல ஒரு உசுரைக் கேக்கும்," என்றாள் என் மனைவி ஜீனத். அவள் அம்மா வீட்டில் அப்படிப்பட்ட கோழியை உடனே அறுத்துவிடுவார்களாம்.

"இன்னா பேச்சு இது? அல்லா பாத்துப்பான்," என்று வாய்தான் சொன்னது. மூன்று முட்டையையும் சாக்கடையில் கொட்டியவன் நான். அன்று சாயங்காலம் ரோஷனுக்கு மறுபடி உடம்பு சுட்டது. பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கோழியைப் பிடித்து, பிஸ்மி சொல்லி அறுத்தேன்.

ஜீனத் அதன் வயிற்றைக் கீறினாள். உள்ளே மஞ்சள்கருக்கள் குலையாக இருந்தன. ஒன்று எலுமிச்சை அளவு, அடுத்தது கோலி அளவு, அப்புறம் மிளகு மிளகாக. நாளைய முட்டை, மறுநாள் முட்டை, எல்லாம் அங்கே இருந்தன. அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

பத்துக் கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி தாவூது! அவுத்து வுட்டிருந்தா சுண்ணாம்புக் காளவாயாண்ட போயி கிளிஞ்சலைக் கொத்தியிருக்கும். அத்தத் துன்னாத்தான் ஓடு கட்டும். கட்டிப்போட்டா தோலுதான் வரும். தோலுக்குள்ள கீறது நல்ல முட்டைதான்யா! அப்டியே வேக வச்சிக் குடுத்திருக்கலாமே!"

திருடனே வந்திருந்தாலும் இவ்வளவு கொண்டுபோயிருக்க மாட்டான்.

ஜீனத் கோழியை ஆணம் காய்ச்சி, அந்தக் குழம்பில் கருக்களையெல்லாம் போட்டுக் கொதிக்கவைத்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் ரோஷன் எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"இம்மாம் முட்டையா! எல்லாத்தையும் இன்னிக்கே போட்டுச்சா அத்தா?"

"ஆமாம்மா."

"அப்போ நாளிக்கி?"

துன்னு கண்ணு, ஆறிடப்போவுது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.