சண்டைக்காரியின் முகவரி

"அண்ணை, அந்த பிளக்கில கை வையாதேங்கோ!"

படிக்கட்டுக்குக் கீழே குனிந்திருந்த குருமூர்த்தி திடுக்கிட்டுத் தலையைப் பலகையில் இடித்துக்கொண்டார். ஒரு கையில் தேநீர்க் கொதிகலன், மறு கை சுவரில். கணவரை வழியனுப்பக் கட்டிய கூறைச்சேலையோடு தங்கச்சி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"வதனா, பதினொரு மணிக்கு மச்சானின்ர பெட்டி வருது. இவ்வளவு சனத்துக்கும் ஒரு தேத்தண்ணி குடுக்க வேண்டாமோ?"

"தேத்தண்ணி பொறுக்கும். இது பொறுக்காது."

இது என்றால், பதினொரு வருடமாகப் படிக்குக் கீழே இரைந்துகொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர். அவள் கணவர் பாலேந்திரா பகலில் தபால் பிரித்தார். வேலை முடிந்து வந்தால் இதன் முன்னால் இருந்து, தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றை எல்லாருக்கும் இலவசமாக எழுதினார். வேறு நாடுகளில் இருந்தும் பத்துப் பேர் எழுதினார்கள். யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற முழு வரலாறும் இந்த ஒன்றில்தான் கிடக்கிறது. இதன் டிஸ்க் ஒரு சீக்காளி. ஒருக்கால் நிறுத்தினால் திரும்ப எழும்பாது. எழுதுகிற ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதி இருக்கிற கிட் என்ற புதிய முறைக்கு மாற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கதைதான். "பிறகு ஒருத்தரும் என்னை நம்பி இருக்கத் தேவையில்லை வதனா." மாற்றி முடிக்கமுன் போய்விட்டார். பாவி மனிசன், ஒரு நாளும் எதிலும் அவசரப்படாதவர்.

அவரோடு சேர்ந்து எழுதிய கிறிஸ்துராஜா செத்தவீட்டுக்கென்று பாரிஸிலிருந்து வந்திருந்தான். விடிந்ததிலிருந்து படியில் இருந்து மடிக்கணினியில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, திரும்பவும் நிண்டிட்டுது. எழுதின ஒவ்வொருத்தரின்ர முழுப் பேரும் மெயிலும் குடுத்தால்தான் போகும். பாலாண்ணை எல்லாருக்கும் எழுதி வைச்சிருக்கிறார். ஒராளுக்கு மட்டும் வெறுமையா விட்டிருக்கிறார்."

"ஆருக்கு?"

அவன் தயங்கினான். "சண்டைக்காரி எண்டு கிடக்கு. 'பெயர் தெரியாது' எண்டு போடலாம். ஆனா எல்லாரிட்டையும் போனபிறகு மாத்திறது பெரிய கரைச்சல்."

"அவ என்ன செய்தவவாம்?"

"2003இல நாப்பத்தொரு சொல் சேர்த்திருக்கிறா. சொதி, ஒடியல், அகப்பை, நீத்துப்பெட்டி... எல்லாம் எங்கட ஊர்க் குசினிச் சொல்லு."

வதனா சிரித்துவிட்டாள். முன்அறையில் கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள்.

அந்த வருடம் வேலை போய், கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தாள். பாலேந்திராதான் கையைப் பிடித்து இழுத்துவந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையில் இருத்தினார். "என்ர புரோகிராம் சொதியைப் பிழை எண்டு சொல்லுது. நீர்தானே சண்டைக்காரி, வந்து அதோட சண்டை பிடியும்." இரண்டு கிழமை பிடித்தாள். அதோடு எழும்பியும் விட்டாள். பிறகு அந்தக் கதையை அவள் மறந்தே போனாள்.

அவர் மறக்கவில்லை. மூன்று கிழமைக்கு முன் கட்டிலில் கிடந்தபடி, "வதனா, உமக்கு ஒரு மெயில் எடுக்கவேணும்" என்றார்.

"இப்ப எனக்கு மெயில்தான் குறை! கஞ்சியைக் குடியுங்கோ."

இரண்டு கரண்டி குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எதுக்கு என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

"அது நான்தான் தம்பி. சந்திரவதனா பாலேந்திரா எண்டு போடுங்கோ. மெயில் இல்லை. இப்ப எடுக்க ஏலுமோ?"

கிறிஸ்துராஜா அவளை நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டு நிமிசம் அக்கா."

திரையில் எண்கள் மறுபடி ஓடத் தொடங்கின. குருமூர்த்தி கொதிகலனைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். பத்தே முக்காலுக்குக் கிறிஸ்துராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "முடிஞ்சுது. சிட்னியில இருக்கிறவர் முழுப் பிரதியும் எடுத்திட்டார். சிங்கப்பூரில இருக்கிறவரும் எடுத்திட்டார்."

"அப்ப இதை நிப்பாட்டலாமோ?"

"ஓம் அக்கா. இனிப் பயமில்லை."

குருமூர்த்தி குனிந்தார்.

"விடுங்கோ அண்ணை. நான் கழட்டிறன்."

சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டு பிளக்கைக் கழற்றினாள். விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. வாசலில் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பெண்கள் எழுந்தார்கள். அண்ணன் கொதிகலனைச் செருகினார்.

வதனா எழும்பவில்லை. கம்ப்யூட்டரின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.