பழனியின் கைநாட்டு

உமாபதி முதலியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கடன்காரர்கள் வந்துவிட்டார்கள். மூன்று வழக்கு நடத்தித் தோற்ற மனிதர். நாலு ஏக்கர் நஞ்சையை விற்றால்தான் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கடனும் அடையும். அவர் மனைவி கிருஷ்ணவேணி அலைந்து ஓய்ந்து, கடைசியில் கணவரின் பங்காளி குமாரசாமியிடம் விலை பேசினாள். அவரோ படியாளையும் சேர்த்துக் கேட்டார்.

படியாள் என்றால் பழனி. கல்யாணத்துக்கு முதலியாரிடம் வாங்கிய எழுநூறு ரூபாய்க்குக் கடன் நோட்டு எழுதிக் கொடுத்து, பன்னிரண்டு வருஷமாகக் கூலியில்லாமல் படி நெல்லுக்கு உழைக்கிறவன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கைநாட்டு வைத்து நோட்டைப் புதுப்பிப்பான். நிலம் கைமாறினால் நோட்டும் கைமாறும்; நோட்டோடு ஆளும் போவான். அது அந்தப் பக்கத்து வழக்கம்.

கிரயத்தன்று காஞ்சிபுரம் ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதும் பஞ்சாட்சரம் நோட்டைப் புரட்டினார். கெடு இன்றோடு முடிகிறது, இப்போதே புதிதாக ரேகை வைத்தால்தான் செல்லும் என்றார். பழனியின் மனைவி செல்லியம்மாள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"சீதனமெல்லாம் பலமா இருக்குதே" என்று சிரித்தார் குமாரசாமி. பழனி திருமுக்கூடல் பக்கம் இருக்கும் தன் செங்கல் சூளைக்குப் போகட்டும், இவள் தன் வீட்டுத் தொழுவத்தில் இருக்கட்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். செல்லியம்மாள் பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

பழனி கட்டைவிரலை மையில் ஒற்றினான். கிருஷ்ணவேணி எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவனை அவள் தொட்டதில்லை.

"வைக்காதப்பா."

"அய்யாகிட்ட வாங்குன கடன்மா. அவரு இல்லன்னு ஏமாத்தினா நான் நல்லா இருப்பனா?"

"நீ ஒழைச்சே கழிச்சிட்ட. அவருக்கும் இனிமே பாவம் ஏற வேணாம்."

"எழுநூறு கொறச்சிக்கினுதான் தருவேன், அண்ணி" என்றார் குமாரசாமி.

கிருஷ்ணவேணி வீட்டில் கறக்கிற இரண்டு மாடுகளை நினைத்துக்கொண்டாள்; அவற்றை விற்றால் அந்த எழுநூறு ஈடாகும். அந்தப் பாலில்தான் அவள் அடுப்பு எரிகிறது.

"கொறச்சிக்கோங்க" என்று சொல்லி நோட்டைக் கிழித்தாள்.

பழனி விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்தான். அவன் குடிசையும் விற்கிற நிலத்தில்தான் இருந்தது. "அப்ப நாங்க எங்கமா போவறது?"

மாட்டை ஓட்டிவிட்டால் கொட்டகை காலியாகிவிடும், வேலை கிடைக்கும் வரை அங்கே இருங்கள் என்றாள். "யார் கூப்ட்டாலும் கூலி பேசிக்கினு போ."

"எவ்ளோ கேக்கணும்மா?"

அவளுக்கும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பஞ்சாட்சரத்தை இருவரும் பார்த்தார்கள்.

"ஒரு நாளுக்கு மூணு ரூவா கேளு" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.